மாண்ட்ரேக்: வேதாகமத்துத் தூதாயீமில் இருந்து கதைப் பாத்திரத்தின் குடும்பப் பெயர் வரை. தமிழில் எப்படிக் கொண்டுவரலாம்?

நல்லூர்_வாசகி (கேள்வி)

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் ஒரு சிற்றிதழுக்காக ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்குகிறேன். முதன்மைப் பாத்திரம் இங்கிலாந்தில் மருந்துச்சரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு கிழவர். குடும்பப் பெயர் மாண்ட்ரேக். அதே பெயரில் ஒரு செடியும் உண்டு; அதன் வேர் மனித உருவம் கொண்டது, பிடுங்கினால் அலறும் என்பது பழைய கதை. ஓரிடத்தில் ஒரு பெண் அவரிடம், "உங்களைப் பிடுங்கினால் கத்துவீங்களோ?" என்று கேட்கிறாள். இன்னோரிடத்தில் பாதிரியார் ஒருவர் ராகேலையும் லேயாளையும் இழுத்து அவரைப் பகிடி பண்ணுகிறார். இரண்டு பகிடியும் அந்தப் பெயரில்தான் தொங்குகின்றன. பெயர் போனால் பகிடியும் போய்விடும்.

ஆதியாகமம் 30இல் வரும் தூதாயீம் கனி இந்தச் செடியினுடையதுதானா? அப்படியென்றால் மனித உருவ வேர், அலறல், நாயைக் கட்டி இழுப்பது எல்லாம் எபிரேயரின் கதைகளா, பிறகு வந்து சேர்ந்தவையா? செடி வருமிடங்களில் "ஊமத்தை" என்று போட்டால் வாசகருக்கு விளங்கும் என்று ஆசிரியர் குழுவில் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுக்கக் காரணமும் கைவசம் இல்லை.

இன்னொன்று, பெயரை எழுதும் முறை. மாண்ட்ரேக், மான்ட்றேக், மன்ட்ரேக் என்று மூன்று விதமாகக் கண்டிருக்கிறேன். கதையோடு போட செடியின் படமும் கேட்கிறார்கள். இணையத்தில் விதை விற்கிறார்களே, இங்கே சட்டியில் வளருமா?

வேர்க்கொம்பு

தங்கச்சி, முதற் கேள்விக்கு ஆம். ஆனால் அந்த "ஆம்" எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் கதைக்கு உதவும்.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் தூதாயீம். தமிழ் வேதாகமம் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது. கோதுமை அறுப்புக் காலத்தில் ரூபன் வயலில் கண்டெடுத்துத் தாய் லேயாளிடம் கொடுக்கிறான். லேயாளின் தங்கையும் யாக்கோபின் மற்ற மனைவியுமான ராகேல், பிள்ளையில்லாதவள், அதில் கொஞ்சம் கேட்கிறாள். விலையாக யாக்கோபின் ஓர் இரவு லேயாளுக்குப் போகிறது. அந்த இரவில் கருவானவன் இசக்கார். அவனுடைய பெயருக்குள்ளேயே கூலி என்று பொருள்படும் எபிரேயச் சொல் இருக்கிறது. கனியை வாங்கிய ராகேலுக்கு உடனே ஒன்றும் நடக்கவில்லை. லேயாள் இசக்காருக்குப் பிறகு செபுலோனையும் தீனாளையும் பெறுகிறாள். அதற்குப் பிறகுதான் "தேவன் ராகேலை நினைத்தருளினார்" என்று வந்து, யோசேப்பு பிறக்கிறான். கனியைக் கொடுத்தவளுக்குப் பிள்ளை, வாங்கியவளுக்கு இல்லை. உங்கள் பாதிரியாரின் பகிடி இந்த முடிச்சில் இருந்துதான் வருகிறதென்றால் அதை விட்டுவிடாதேங்கோ.

இரண்டாவது இடம் உன்னதப்பாட்டு 7:13. அங்கே தூதாயீம் வாசனை வீசுகிறது. முந்தின வசனத்தில் "என் நேசத்தின் உச்சிதங்களை உமக்குத் தருவேன்" என்று வரும் இடத்தில் உள்ள எபிரேயச் சொல்லும் தூதாயீமும் ஒரே ஓசைக்குடும்பம். தோத் என்றால் நேசர். காதல் மணக்கும் பழம் என்ற எண்ணம் அந்த ஓசையிலேயே கிடக்கிறது.

இப்போது கவனியுங்கோ: வேதாகமத்தில் இருப்பது பழமும் வாசனையும் மட்டும். வேரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அலறல் இல்லை, நாய் இல்லை.

தூதாயீம் என்றால் எது என்று யூத ஆசிரியர்களுக்குள்ளேயே வாதம் இருந்தது. தல்மூத் என்ற யூதச் சட்ட, விளக்கத் தொகுப்பில் சன்ஹெத்ரின் பகுதியில் மூன்று பேர் மூன்று விடை சொல்கிறார்கள். ராவ் என்பவர் சொல்வது யவ்ரூகே. ஒன்கெலோசின் அரமேய வேதாகம மொழிபெயர்ப்பும் அதே சொல்லைத்தான் போடுகிறது. அந்தச் சொல்தான் அரபில் யப்ரூஹ், யுனானி வைத்தியத்தில் யப்ரூஜ். அதாவது மாண்ட்ரேக். கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களும் "மாண்ட்ரகோரா ஆப்பிள்கள்" என்றே எழுதினார்கள். ஐரோப்பிய வேதாகமங்களுக்குள் அந்தப் பெயர் நுழைந்த வாசல் இதுதான். எண்ணாகமத்துக்கான மித்ராஷ் (பழைய யூத விளக்க நூல்) ரூபன் கோத்திரத்தின் சிவப்புக் கொடியில் தூதாயீம் வரைந்திருந்ததாகச் சொல்கிறது.

பிள்ளைப்பேறு விடயத்திலும் யூத உரையாசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்கள் அல்லர். இப்ன் எஸ்ரா, இது குளிர்ச்சிக் குணமுள்ள சரக்கு, கருத்தரிக்க எப்படி உதவும் என்று கேட்கிறார். 13ஆம் நூற்றாண்டு ராம்பான் இன்னும் கூர்மை. மனிதத் தலையும் கையும் போல இருக்கும் அடிப்பகுதிதான் பிள்ளைப்பேற்றுக்கு உதவும் என்று ஆட்கள் சொல்வது, ரூபன் கொண்டுவந்ததோ பழம், ராகேல் அதைக் கேட்டது வாசனைக்காக, பிள்ளை கிடைத்தது மன்றாட்டினால் என்கிறார். மனித உருவக் கதை அவர் காலத்தில் ஊரெல்லாம் பரவியிருந்தது என்பதும், அதை வசனத்துக்குள் ஏற்ற அவர் மறுத்தார் என்பதும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

நாய் வருவது யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபசிடம். கி.பி. 1ஆம் நூற்றாண்டு. சாக்கடலுக்குக் கிழக்கே மக்கேருஸ் கோட்டையருகே பாராஸ் என்ற இடத்து வேரைப் பற்றி எழுதுகிறார். தீ நிறம், மாலையில் ஒளி விடும், தொட்டால் சாவு. சுற்றிவரத் தோண்டி, வேரின் நுனி மட்டும் மண்ணில் இருக்கும்போது நாயைக் கட்டிவிட்டு ஆள் நடந்துபோக வேண்டும். நாய் பின்னால் ஓடும், வேர் பிடுங்குப்படும், ஆளுக்குப் பதிலாக நாய் செத்துவிடும். அந்த வேர் பேய் ஓட்டுவதற்கு. ஆனால் அவர் அதை மாண்ட்ரேக் என்று எங்கேயும் சொல்லவில்லை, அலறல் என்றும் சொல்லவில்லை. பெயரைப் பிறகு வந்தவர்கள்தான் ஒட்டினார்கள். கி.பி. 512 அளவில் கொன்ஸ்தாந்திநோபிளில் எழுதப்பட்டு இப்போது வியன்னாவில் இருக்கும் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதேசின் மூலிகை நூலின் தோற்சுவடி ஒன்றில், ஒரு தேவதை மனித உருவ மாண்ட்ரேக்கை மருத்துவரிடம் நீட்டுகிறாள், பக்கத்தில் நாய் சாகிறது. அதற்குள் இரண்டு கதையும் ஒன்றாகிவிட்டன.

அலறல் அதற்கும் பிந்தியது, இடைக்கால ஐரோப்பாவினுடையது. ஆகவே பிடுங்கினால் கத்தும் பகிடியும் ராகேல் பகிடியும் ஒரே பெயரில் இருந்தாலும் வேறு வேறு ஊற்றில் இருந்து வருபவை. "எபிரேயக் கதைப்படி அலறும் வேர்" என்று எங்கேயாவது விளக்கம் எழுதினால் அது பிழை.

ஒரு சின்ன விடயம்: தூதாயீம் ஏற்கெனவே பன்மை. "தூதாயீம்கள்" என்று எழுதாதேங்கோ. கேருபீன்கள், சேராபீன்கள் என்று பன்மைக்கு மேல் பன்மை தமிழ் வேதாகமத்தில் இருக்கிறதுதான். ஆனால் இங்கே "தூதாயீம் கனிகள்" என்று அழகான வழி இருக்கும்போது அது தேவையில்லை.

செம்மண்

ஊமத்தை எண்டு போட வேண்டாம். காரணம் கேட்டால் இதைச் சொல்லுங்கோ.

இரண்டும் ஒரே குடும்பம், அது உண்மை. கத்தரி, தக்காளி, மிளகாய், மணித்தக்காளி, எங்கட யாழ்ப்பாணப் புகையிலை எல்லாம் அதே குடும்பந்தான். நஞ்சும் கிட்டத்தட்ட ஒண்டு: அத்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபலமின். ஆனால் செடியைப் பார்த்தால் ஒரு பொருத்தமும் இல்லை. ஊமத்தை நிமிர்ந்து வளரும், எக்காளம் மாதிரி நீட்டுப் பூ, முள்ளுக்காய். மாண்ட்ரேக்குக்குத் தண்டே இல்லை. இலை எல்லாம் நிலத்தோட படுத்து வட்டமாய் விரியும், ஒரு இலை ஒரு அடிக்கு மேலயும் போகும். நடுவில குட்டைக் காம்பில ஊதா மணிப்பூ. பழம் மஞ்சளில் இருந்து செம்மஞ்சள், 2 முதல் 4 சென்ரிமீற்றர், தோல் மழமழப்பு, கத்தரிக்காய்க்கு இருக்கிற மாதிரியே அடியில புல்லிவட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். அரபியில் இந்தப் பழத்துக்கு விசரரின்ர ஆப்பிள் எண்டும் ஒரு பேர் உண்டு.

கதைக்கு முக்கியம் வேர். மாண்ட்ரேக்கின்ர ஆணிவேர் தடிப்பு, இரண்டு மூன்றாய்ப் பிரியும், இரண்டு அடிக்கு மேல இறங்கும். கல்லு நிலத்தில பிரிஞ்சு வளர்றதால கால் மாதிரித் தெரியும். ஊமத்தை வேரில அந்தக் கதை ஒண்டுமில்லை. ஊமத்தை எண்டு போட்ட உடனே எங்கட வாசகருக்குச் சிவன் கோயில் பூசைதான் ஞாபகம் வரும், ராகேலும் வரமாட்டா, அலறலும் வராது. அதோட ஊமத்தை இங்க வேலிக்கரை எல்லாம் நிக்குது. "பிள்ளை வரம் தரும் ஊமத்தை" எண்டு கதையில வாசிச்சுப்போட்டு யாரும் வாயில வைச்சால் வாய் வறண்டு, கண்மணி விரிஞ்சு, உடம்பு கொதிச்சு, நெஞ்சு படபடத்து, சலம் போகாமல், இல்லாத ஆக்களோட கதைக்கத் தொடங்குவினம். அப்பிடி யாருக்கும் நடந்தால் வாந்தி எடுக்கப் பண்ணாமல் 1990 அம்புலன்சுக்கு அடிச்சு, செடித் துண்டையும் கையில குடுத்து அனுப்ப வேணும்.

வளர்க்கிற விடயம். முதலில சட்டம்: வெளிநாட்டு விதையைத் தபாலில சும்மா எடுக்கேலாது. 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேணும். இல்லாட்டி சுங்கத்தில நிக்கும். அடுத்தது, விக்கிற "மாண்ட்ரேக் விதை" எல்லாம் மாண்ட்ரேக் இல்லை. அமெரிக்க மாண்ட்ரேக் எண்டு விக்கிறது மே ஆப்பிள், தாவரப் பேர் பொடொஃபில்லம். குடும்பமே வேறை, நஞ்சும் வேறை. பொட்டலத்தில மாண்ட்ரகோரா ஒஃபிசினாரம் அல்லது மாண்ட்ரகோரா ஒற்றம்னாலிஸ் எண்ட தாவரப் பேர் இருக்க வேணும். விதை மிளகாய் விதை, கத்தரி விதை மாதிரித் தட்டையாய், அதைவிடக் கொஞ்சம் பெரிசாய் இருக்கும்.

முளைக்கக் குளிர் வேணும். ஈர மணலோட பையில போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின்ர கீழ்த்தட்டில, 4 பாகை அளவில 4 தொடக்கம் 6 கிழமை. உறைபெட்டியில வைச்சால் செத்துப்போம். பிறகு நேரே கடைசிச் சட்டியிலயே போட வேணும், சட்டி ஆழம் குறைஞ்சது 40 சென்ரிமீற்றர். தட்டில முளைக்க வைச்சு மாத்தி நட்டால் ஆணிவேர் முறியும், கன்று அதோட சரி. மண் இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு செம்மண், கொஞ்சம் சுண்ணாம்புக் கல்லு நொருக்கல். எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, அது இந்தச் செடிக்குப் பிரச்சினை இல்லை. எல்லா விதையும் ஒண்டாய் முளைக்காது, சிலது மாதக் கணக்கில கிடக்கும், சட்டியைக் கொட்டிப்போடாதேங்கோ.

எங்க பிழை வரும் எண்டால் இரண்டு இடத்தில. மத்தியதரைக்கடல் பக்கம் மழையும் குளிரும் ஒண்டாய் வரும். செடி மாரியில வளர்ந்து, வெயில் காலத்தில இலையைக் கொட்டிப்போட்டு மண்ணுக்குள்ள நித்திரை கொள்ளும். இங்க மழை ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரைக்கும் வந்து குவியும், ஆனால் இரவு வெப்பம் அவ்வளவாய் இறங்காது. சூடும் ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகும். சட்டியைக் கூரைக்குக் கீழ வைச்சு, மேல் மண் காய்ஞ்ச பிறகு மட்டும் தண்ணி விட வேணும். மற்றது, சித்திரை வெயிலுக்கு இலை மஞ்சளாகிக் கருகும். செடி சாகப்போகுது எண்டு பயந்து ஆக்கள் வாளியால ஊத்துவினம். அதோடதான் அது உண்மையில சாகும். பூக்கிறதுக்குச் சில வருசம் எடுக்கும். ஒரு படத்துக்காக இவ்வளவு பாடு தேவையோ? பதிப்புரிமை முடிஞ்ச பழைய மூலிகைப் புத்தக ஓவியம் ஒண்டைப் போடுங்கோ, கதைக்கு அதுதான் பொருத்தம். கைகாலோட மனிசன் மாதிரிக் கீறி, தலையில இலை முளைச்சிருக்கும்.

நல்லூர்_வாசகி

செம்மண் அண்ணை, ஊமத்தை விடயம் தீர்ந்தது. செடியும் பெயரும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் மாண்ட்ரேக் என்றதும் எங்கள் தலைமுறைக்கு நினைவு வருவது தொப்பி போட்ட மந்திரவாதி. கதையில் கிழவரை அந்த மந்திரவாதியோடு ஒப்பிடும் வரி எதுவும் இல்லை. வாசகர் தானாக ஒப்பிட்டுக் குழம்புவாரா? ஆங்கிலத்தில் இது உண்மையிலேயே குடும்பப் பெயரா?

கொட்டடிக்_கொமிக்ஸ்

உண்மை வாழ்க்கையிலும் அந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்கள் உண்டு, ஆனால் அரிது. கதைகளில்தான் அது நிறையப் புழங்குகிறது. அதற்குக் காரணம் செடியே.

மந்திரவாதி மாண்ட்ரேக் பத்திரிகைத் துண்டுச் சித்திரமாகத் தொடங்கியது 1934 ஜூன் 11. எழுதியவர் லீ ஃபோக், வரைந்தவர் ஃபில் டேவிஸ், விநியோகித்தது கிங் ஃபீச்சர்ஸ். இதே ஃபோக்தான் இரண்டு வருடம் கழித்து வேதாளரையும் (ஆங்கிலத்தில் ஃபான்டம்) உருவாக்கினார். கூர்ந்து பார்த்தால் மந்திரவாதிக்கு முதற்பெயரே கிடையாது. தோழன் லொதார், காதலி நார்டா, சனாடு மாளிகை எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது, ஆளுக்கு மட்டும் மாண்ட்ரேக் என்ற ஒற்றைப் பெயர். அவருடைய வித்தை கையசைத்து எதிராளியின் கண்ணை மயக்குவது. துப்பாக்கி வாழைப்பழமாகத் தெரியும், உண்மையில் துப்பாக்கி துப்பாக்கியாகவே இருக்கும். ஸ்கோபலமின் உள்ள ஒரு வேரின் பெயரை மயக்குகிறவனுக்கு வைத்தது நல்ல பொருத்தம். சிவகாசி முத்து காமிக்ஸ் மூலம் தமிழில் வந்தபோது பெயரை மாற்றவில்லை. வேதாளருக்குத் தமிழ்ப் பெயர் வைத்தார்கள், இவருக்கு வைக்கவில்லை. அதனால் "மாண்ட்ரேக்" என்ற ஓசை தமிழ் வாசகரிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் செடி இல்லாமல். உங்கள் கதையின் சிக்கல் இதுதான்.

குடும்பப் பெயராகவே வருவதற்கு நல்ல உதாரணம் 1964இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் அணுகுண்டுப் பகிடிப் படம், டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ். அதில் பீற்றர் செல்லர்ஸ் நடித்த மூன்று வேடங்களில் ஒன்று பிரித்தானிய விமானப்படை அதிகாரி லயனல் மாண்ட்ரேக். அந்தப் படத்தில் அநேகமாக எல்லாப் பெயருக்குள்ளும் ஒரு ஆபாசப் பகிடி ஒளித்திருக்கும். தன் உடற்சத்தைப் பகைவன் கெடுத்துவிட்டான் என்று புலம்பும் தளபதிக்கு எதிரே, பிள்ளைப்பேற்று வேரின் பெயரோடு ஒழுங்கான, பணிவான ஒரு அதிகாரியை உட்கார வைத்திருக்கிறார்கள். யாரும் அந்தப் பெயரை விளக்குவதில்லை. விளங்கியவர் சிரிப்பார், விளங்காதவருக்கும் அது ஒரு பெயர். உங்கள் கதையும் அந்த வகை என்றால் விளக்கத்தைக் குறைப்பதே நல்லது.

மந்திரவாதியின் நிழல் எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு பக்கக்கதை. 1998இல் பிரான்சில் இருந்து வந்த மாண்ட்ரேக் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் நினைவிருக்கும். கிங் ஃபீச்சர்ஸின் தாய்க் கொம்பனியான ஹேர்ஸ்ட் பெயருக்காக வழக்குப் போட்டு 2004இல் வென்றது. 2005இல் கொனெக்டிவா என்ற பிரேசில் நிறுவனத்தோடு சேர்ந்தபோது பெயர் மாண்ட்ரிவா ஆனது. மூவாயிரம் வருடச் செடியின் பெயரைவிடத் துண்டுச் சித்திரத்தின் பெயருக்கு நீதிமன்றத்தில் பலம் கூட. மொழிபெயர்ப்புக் கதையில் ஒரு கிழவரின் குடும்பப் பெயராக வருவதற்கு அந்தப் பிரச்சினை இல்லை, பயப்பட வேண்டாம்.

குழப்பம் தவிர்க்க ஒரு வழி: கிழவரின் முதற்பெயரை முதல் பந்தியிலேயே குடும்பப் பெயரோடு சேர்த்துப் போடுங்கள். முதற்பெயர் வந்தவுடன் மந்திரவாதி விலகிவிடுவார். "திரு. மாண்ட்ரேக்" என்று தொடங்கினால் தொப்பியும் போர்வையும் தானாக வந்து சேரும். அலறலைப் பற்றி முப்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஹரி பொட்டரின் இரண்டாம் கதையில் காதடைப்பான் போட்டுச் சட்டி மாற்றும் காட்சி அவர்களுக்குத் தெரியும்.

வேர்க்கொம்பு

கொட்டடியார் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். விளக்கத்தைக் குறைக்கலாம், முழுக்க விட ஏலாது. ஆங்கில வாசகருக்குப் பாதிரியாரின் பகிடி ஏன் உடனே பிடிக்கிறது என்றால், அவருடைய வேதாகமத்தில் அந்த இடத்தில் மாண்ட்ரேக் என்றே அச்சடித்திருக்கிறது. எங்களுடையதில் தூதாயீம். ராகேல் கதை தெரிந்த தமிழ்க் கிறிஸ்தவ வாசகருக்குக்கூட மாண்ட்ரேக் என்ற பெயரில் இருந்து அங்கே போகப் பாலம் இல்லை. அந்தப் பாலத்தை அடிக்குறிப்பில் போட்டால் பகிடி செத்துவிடும், பாதிரியாரின் வாயிலேயே அரை வரியாகப் போடுங்கோ. இப்படி ஏதாவது: "ராகேல் கேட்டு வாங்கினாளே தூதாயீம் கனி, அதற்கு எங்கள் ஊரில் உங்கள் பெயர்தான், மாண்ட்ரேக்." பிறகு அவர் மூலத்தில் உள்ள பகிடியைச் சொல்லட்டும்.

அலறலுக்கும் அப்படியே. கடையை வர்ணிக்கும் முதற் காட்சியில் போத்தல்கள், பெட்டிகள் பற்றி ஏதாவது வரி இருக்கும். அதில் ஒரு பெட்டியின் மேல் "மாண்ட்ரேக் வேர். பிடுங்குகையில் காதைப் பொத்துக" என்று ஒரு சீட்டை ஒட்டிவிடுங்கோ. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கிறோமே என்றால், சேர்ப்பது அரை வரி, காப்பாற்றுவது ஒரு காட்சி. ஆசிரியருக்கு எழுதி அனுமதி கேட்டுக்கொள்வது முறை.

ஆங்கிலப் பெயர் எப்படி மனித முகம் பெற்றது என்பதையும் தெரிந்துவைத்திருங்கோ, கதாசிரியர் அதிலும் விளையாடியிருக்கக்கூடும். கிரேக்க மாண்ட்ரகோராஸ் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது வால் உதிர்ந்தது. முன்பாதியில் மனிதன் என்ற சொல்லையும் பின்பாதியில் பறவைநாகத்துக்கான பழைய சொல்லையும் ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். வேருக்கு மனித உருவம் என்ற நம்பிக்கை முன்பே இருந்தது, பெயர் அதற்குச் சாட்சி சொல்வது போல ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் அதே சொல்லை "மகிமையின் கை" என்று கேட்டார்கள். ஜேர்மன்காரர் வேறு பெயர் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் நல்ல மாண்ட்ரேக் அரிது. அதனால் பிரையோனி என்ற வேலிக்கொடியின் பெருத்த வேரை ஆள் மாதிரிச் செதுக்கி, தலையில் தினை மாதிரிச் சிறுதானியத்தைக் குத்தி மண்ணில் புதைத்து, முளை விட்டதும் தலைமுடி என்று காட்டி விற்றார்கள். 16ஆம் நூற்றாண்டு மூலிகை நூலாசிரியர்கள் இந்தப் புரட்டைப் பெயர் சொல்லியே திட்டியிருக்கிறார்கள். உங்கள் கிழவர் சரக்குக்கடைக்காரர் என்பதால் அவருடைய வேர் அசலா, செதுக்கியதா என்ற கேள்வி கதைக்குள் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கோ.

தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியமான உலகம் இது என்றும் நினைக்க வேண்டாம். செடியைச் சுற்றி வாளால் மூன்று வட்டம் கீறி, மேற்கே பார்த்து வெட்ட வேண்டும் என்று வேர் வெட்டிகள் சொல்வதாகக் கிரேக்க அறிஞர் தெயோஃபிராஸ்தஸ் கிறிஸ்துவுக்கு முன்பே எழுதிவைத்தார். எங்கள் சித்த வைத்தியத்தில் மூலிகைக்குக் காப்புக் கட்டி, சாப நிவர்த்தி மந்திரம் சொல்லி, ஆணிவேர் அறாமல் பிடுங்குவதும், வடக்கே போன வேரைத் தேடுவதும் இல்லையா? அந்தச் சொற்கள் உங்களுக்கு உதவும். "வேர் அறாமல்" என்பதை அந்தப் பெண் பேசும் இடத்தில் பாவித்தால் வசனம் எங்கள் வாய்க்கு வரும்.

அச்சுக்கோர்ப்பு

எழுத்துக்கூட்டல் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

மன்ட்ரேக் வேண்டாம். அந்த ஆங்கில உயிரோசையை இங்கே நாங்கள் ஆகாரமாகத்தான் எடுப்போம்: வான், பாக், காஸ். தமிழ்நாட்டார் அதே இடத்தில் வேன், பேக், கேஸ் என்பார்கள். ஆகவே மா. அடுத்தது ன்ட் சேராது. டகரத்துக்கு இனம் ணகரம், றகரத்துக்குத்தான் னகரம். மாண்ட் என்பதே தமிழ் ஒழுங்கு. மிஞ்சுவது ர, ற. றைவர், றோட்டு என்று எழுதிப் பழகிய கைக்கு மாண்ட்றேக் இயல்பாக வரும், அதில் பிழையும் இல்லை. ஆனால் கொமிக்ஸ் வழியாக மாண்ட்ரேக் நிலைத்துவிட்டது, தேடுபொறியிலும் அதுதான் அகப்படும். உங்கள் இதழ் ரொறன்ரோ, லண்டன் வாசகருக்கும் போகிறதென்றால் மாண்ட்ரேக்கையே வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் கதை முழுக்க ஒன்றுதான். செடிக்கு ஒரு கூட்டல், ஆளுக்கு ஒரு கூட்டல் என்று பிரித்தால் பகிடி போயிற்று.

கணினியில் ஒரு எச்சரிக்கை. ஊமத்தை என்று அடித்த பிரதியில் "தேடி மாற்று" கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஊமத்தை ஐகாரத்தில் முடிகிறது, வேற்றுமை ஏறினால் ஊமத்தையை, ஊமத்தையின் என்று யகரம் வரும். மாண்ட்ரேக் மெய்யில் முடிகிறது, ககரம் இரட்டிக்கும்: மாண்ட்ரேக்கை, மாண்ட்ரேக்கின், மாண்ட்ரேக்குக்கு. கண்ணை மூடி மாற்றினால் "மாண்ட்ரேக்யின்" என்று வந்து நிற்கும். ஒவ்வொன்றாக நின்று மாற்றுங்கள். வேதாகம இடத்துத் தூதாயீமைத் தொடாதீர்கள்.

அச்சகம் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் கேட்டால் திருத்தம் முழுவதையும் யூனிகோட்டில் முடித்த பிறகு மட்டும் மாற்றிக் கொடுங்கள். பாமினியில் ஏகாரக் கொம்பு ரகரத்துக்கு முன்னால் பதிவாகும், யூனிகோட்டில் பின்னால். மாற்றிய கோப்பில் யூனிகோட்டில் அடித்துத் தேடினால் பெயர் ஒரு தடவைகூட அகப்படாது, எல்லாம் சரி என்று நினைத்து அனுப்பிவிடுவீர்கள். மாற்றிய பிறகு கடைசிப் படியைத் தாளில் எடுத்து, பெயர் வரும் இடங்களையும் வரி முடிவுகளையும் கண்ணால் பாருங்கள். "மாண்ட்-" என்று ஒரு வரியிலும் "ரேக்" என்று அடுத்த வரியிலும் உடைந்திருந்தால் சொல்லிடை வெளியைக் கொஞ்சம் இறுக்கச் சொன்னால் போதும்.